மட்டாஞ்சேரியில் மதியம் காணாமல்போன வெயில்

ஆகஸ்டு கடைசியில் குடும்பத்தோடு கொச்சிக்குப் போகவிருக்கும் வாசகர் ஒருவர், அந்த நேரத்தில் மட்டாஞ்சேரியில் வெயில் இருக்குமா, மழை கெடுத்துவிடுமா என்று கேட்டு எழுதியிருந்தார். நல்ல கேள்வி. ஆனால் என்னிடம் கேட்டிருக்க வேண்டாம். 1982 ஆகஸ்டில் அரசுச் செலவில் அந்த ஊருக்குப் போய் வெயிலை மட்டுமே எண்ணிவிட்டு வந்தவன் நான். கோயில், அரண்மனை, மீன் சாப்பாடு எல்லாம் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள், படித்துக்கொள்ளுங்கள். இதில் அவை கிடையாது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கோயம்புத்தூரில் ஓர் அலுவலகத்தில் கருவிகளைப் பழுதுபார்ப்பது வேலை. சூரிய வெப்பத்தால் சரக்கைக் காயவைக்கும் உலர்த்தி ஒன்றை, சோதனைக்காகக் கொச்சிப் பக்கம் எங்காவது அமைப்பதாகத் திட்டம். இரண்டு இடங்கள் போட்டியில் இருந்தன. ஒன்று மட்டாஞ்சேரியில் ஒரு தனியார் கிடங்கின் சுக்குக் களம். மற்றது தெற்கே கும்பளங்கியில் மீன் காயவைக்கும் திடல். எங்கே வெயில் அதிகமோ அங்கே உலர்த்தி. இரண்டு இடத்திலும் ஜனவரியிலேயே வெயில் பதிவுக் கருவி வைத்துவிட்டார்கள்.

அந்தக் கருவியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பெரிய சாத்துக்குடி அளவில் கெட்டியான கண்ணாடி உருண்டை. அதன் கீழே பித்தளைக் கிண்ணம், கிண்ணத்தில் மணிக்கோடு போட்ட நீல அட்டை. உருண்டை வெயிலைக் குவித்து அட்டையைக் கருக்கும். சூரியன் நகர நகரக் கருகலும் கோடாக நகரும். மேகம் மறைத்தால் கோடு அறுந்துபோகும். தினமும் அந்தி சாய்ந்ததும் பழைய அட்டையை எடுத்துவிட்டுப் புதியதைச் செருக வேண்டும். மின்சாரம், முள், மை எதுவும் வேண்டாம். பொய் சொல்லவும் அதற்குத் தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மட்டாஞ்சேரி அட்டைகளில் ஒரு கோளாறு. மார்ச் இரண்டாம் வாரம் வரை கோடு ஒழுங்காக ஓடியது. அதற்குப் பிறகு, வெயில் அடித்த ஒவ்வொரு நாளும் மதியம் பன்னிரண்டு பத்துக்குக் கோடு நின்று, பன்னிரண்டே முக்காலுக்கு மறுபடி தொடங்கியது. மேகத்துக்கு அவ்வளவு நேரம் தவறாமை கிடையாது. மேகம் வந்தால் கோட்டின் முனை பிசிறும், இது பிளேடால் வெட்டியதுபோல் இருந்தது. கட்டட நிழல் என்றும் சொல்ல முடியவில்லை. மார்ச்சில் அந்த ஊரின் நடுப்பகல் சூரியன் கொஞ்சம் தெற்கே நிற்கும், ஜூனில் வடக்கே போய்விடும். இரண்டு பக்கமும் சேர்த்து மறைக்கிற கட்டடத்தை யாரும் கட்டியதில்லை. ஆனால் எங்கள் மேலதிகாரிக்கு இதிலெல்லாம் பொறுமை இல்லை. “மாதக் கடைசிக்குள் காரணம் தெரியவில்லை என்றால் நிழல் விழும் இடம் என்று எழுதிவிட்டுக் கும்பளங்கிக்குக் கொடுத்துவிடலாம்” என்று சொல்லி என்னை அனுப்பினார்.

ஆகஸ்டு 23, திங்கள்கிழமை. கோவையில் காலை ஆறேகாலுக்குப் பாசஞ்சர். சுமார் இருநூறு கிலோமீட்டர், டிக்கெட் ஒன்பது ரூபாய்ச் சொச்சம் என்று நினைவு. வாளையாறு தாண்டியதும் வெளிச்சம் மாறிவிடும், கவனித்துப் பாருங்கள். வெள்ளையாக இருந்த வெயில் பச்சை கலந்து, கொஞ்ச நேரத்தில் இல்லாமலே போனது. எர்ணாகுளம் வடக்கு நிலையத்தில் இறங்கும்போது மணி பன்னிரண்டு ஐம்பது. கலூரில் நாளுக்குப் பதினைந்து ரூபாய்க்கு ஒரு லாட்ஜ் பிடித்தேன். தலையணையில் எண்ணெய்க் கறை, மற்றபடி குறை சொல்வதற்கில்லை.

மறுநாள் காலை கலூரிலிருந்து படகுத்துறைக்கு டவுன் பஸ், மூன்று கிலோமீட்டர், நாற்பது பைசா. அங்கிருந்து மட்டாஞ்சேரிக்குப் படகு, முப்பத்தைந்து பைசா, இருபத்தைந்து நிமிடம். படகில் வலப்பக்கம் உட்காருங்கள், காற்று வரும். கரையிறங்கிக் கடைத்தெருவில் பத்து நிமிடம் நடந்தால் மிளகும் சுக்கும் மூக்கில் ஏறும். அந்த நெடியைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

நாலு பக்கமும் ஓட்டுக் கிடங்கு, நடுவில் சிமெண்டுக் களம், களத்தின் மத்தியில் நெஞ்சளவு செங்கல் தூண், தூண்மேல் என் கண்ணாடி உருண்டை. மேற்குப் பக்கம் ஒரு திறந்த கொட்டகை. அதை ஒட்டி ஜன்னல் இல்லாத ஓர் அறை, கதவிடுக்கில் புகை கசிந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் சுக்கு பூசணம் பிடிக்காமலிருக்கத் தேங்காய் மட்டையும் சிரட்டையும் எரித்து அந்த அறையில்தான் காயவைப்பார்கள். உள்ளே பெண்கள் சுக்கைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். இருமல் மட்டும் கேட்டது.

கிடங்குக் கண்காணிப்பாளர் வறீது. ஐம்பது வயது, அளவான பேச்சு. தினமும் அட்டை மாற்றுவது அவர்தான். மதியக் கோளாறைப் பற்றிக் கேட்டேன்.

“உச்சைக்கு இவிடெ வெயில் கிட்டில்ல, சாரே” என்றார்.

“கிட்டாதுன்னா? மேகம் வருதா சேட்டா?”

“மேகம் ஒன்னும் இல்ல. வெயில் போகும். பின்ன வரும்.”

பஸ் போகும், வரும் என்று சொல்வதுபோல் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு அடித்ததும், “வா சாரே, ஒரு சாயா குடிக்காம்” என்று கிட்டத்தட்டக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கடை இருநூறு அடி தள்ளி. அங்கே தெருவில் சுள்ளென்று வெயில் அடித்தது. என் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு இருபது, பன்னிரண்டரை என்று பார்த்துக்கொண்டே சாயாவைக் குடித்தேன். ஒரு மணிக்குத் திரும்பி வந்து கிண்ணத்தைப் பார்த்தேன். கோடு பன்னிரண்டு பத்துக்கு நின்றிருந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு மறுபடி தொடங்கியிருந்தது. என் தோள் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. எந்த வெயில் என்னைச் சுட்டதோ அது இந்த அட்டைக்கு வரவில்லை. அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை சாயாவுக்கு வர மறுத்தேன். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கிடங்கின் மாடியில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே படுப்பதுபோல் போய், மர ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தேன். பன்னிரண்டு ஐந்துக்குப் புகையறைக் கதவு திறந்தது. ஏழு பெண்கள் வந்து கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பேச்சு இல்லை. ஒவ்வொருத்தியாக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள். கடைசியாக ஒருத்தி மட்டும் எழுந்தாள். கையில் நனைத்த துண்டு. கண்ணை இறுக மூடிக்கொண்டு, காலால் தடவித் தடவிக் களத்தின் நடுவுக்கு வந்தாள். கையால் தூணைத் தொட்டுப் பார்த்து, உருண்டையின் தலையில் துண்டைப் போட்டு, அதே மாதிரி கண்ணைத் திறக்காமல் திரும்பிப் போனாள். முப்பத்தைந்து நிமிடம் அந்த வெயிலில் களத்தில் ஒரு காக்கைகூட இறங்கவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு அவளே மறுபடி கண்ணை மூடியபடி வந்து துண்டை எடுத்துப் போனாள்.

திருடனைக் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியோடு படியிறங்கினேன்.

அவள் பெயர் பேச்சியம்மாள். நாற்பத்தைந்து இருக்கும். அவளுடைய அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான், வீடும் கிடங்குக்குப் பின்னாலேயே. ஏழு பேரில் ஒருத்தி அவளுடைய மகள் கனகம், ஏழு மாத கர்ப்பிணி. புகையில் கண் சிவந்து, ஒரு கையால் வயிற்றைத் தாங்கியபடி சுவரில் சாய்ந்திருந்தாள். வறீது தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது.

“ஏன் அக்கா மூடுறீங்க?” என்றேன்.

“உச்சி வேளை சார். அந்த நேரத்துல அது திறந்திருக்கக் கூடாது. அதுக்குள்ள பாத்தீங்களா, நாங்க எல்லாரும் தலகீழா நிக்கிறோம்.”

“உருண்டைக் கண்ணாடியில அப்படித்தான் தெரியும். பயப்பட ஒண்ணுமில்ல.”

“அது எனக்கும் அறியும் சார். தலகீழா நின்னா நின்னுட்டுப் போகட்டும். எண்ணிக்கை தப்புது, அதான் பயம்.” குரலைத் தாழ்த்தினாள். “கஞ்சிக்கு உக்காரும்போது நான் தலை எண்ணுவேன். ஏழு. அந்த உருண்டைக்குள்ள எட்டு. காலையில பாத்தா ஏழுதான், சாயங்காலமும் ஏழுதான். உச்சிக்கு மட்டும் ஒண்ணு கூட. இவ முழுகாம இருக்கான்னு சொன்ன மறுநாளு பாத்தேன். அன்னையிலேர்ந்து மூடுறேன். இவளுக்கு முன்னாடி ஒண்ணு தங்கல சார். இதையாவது நான் பாத்துக்க வேண்டாமா?”

உச்சி வேளையில் புளியமரத்தடிக்குப் போகாதே, முனி அடிக்கும் என்று எங்கள் ஊரிலும் சொல்லி வளர்த்தவர்கள்தான். ஆனால் நான் கருவிக்காரன், எனக்குக் கோபம்தான் வந்தது. கொஞ்சம் கத்திவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். இந்த முப்பத்தைந்து நிமிடத்தால்தான் மட்டாஞ்சேரியின் கணக்கு கும்பளங்கிக்குக் கீழே போயிருக்கிறது, உலர்த்தி வந்தால் இந்தப் புகையறையைப் பூட்டிவிடலாம், வயிற்றுப் பிள்ளைக்காரியைப் புகைக்குள் நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்குத் துண்டு போடுகிறீர்களே என்றெல்லாம் சொன்னேன். பேச்சியம்மாள் மகளைப் பார்த்தாள், புகையறைக் கதவைப் பார்த்தாள். அவளுக்கு அதுவரை யாரும் இதைச் சொல்லியிருக்கவில்லை. அட்டை மாற்றச் சொன்னார்களே தவிர, எதற்கென்று எங்கள் ஆட்களும் விளக்கவில்லை.

“எத்தனை நாள் மூடாம இருக்கணும்?” என்றாள்.

“நல்ல வெயில் அடிக்கிற ஒரே ஒரு நாள் போதும். கோடு அறாம ஓடுச்சுன்னா, இங்க நிழல் இல்லன்னு நான் எழுதிக் கொடுத்துருவேன்.”

கனகத்தை அன்றைக்கு மட்டும் திருப்பூணித்துறையில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவானது. பேச்சியம்மாள் இன்னொரு நிபந்தனையும் வைத்தாள். அந்த முப்பத்தைந்து நிமிடமும் நான் உருண்டைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், நனைத்த துண்டு என் கையில் இருக்க வேண்டும். ஏதாவது தப்பாகப் பட்டால் மூடிவிட வேண்டும். சரி என்றேன். இதைவிடச் சுலபமான வேலையை அரசாங்கம் எனக்குத் தந்ததே இல்லை.

வியாழன் முழுக்க மழை. வெள்ளிக்கிழமை விடிந்தபோது வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. படகில் வரும்போதே எனக்கு நினைவு வந்துவிட்டது. அந்த ஊரில் வருடத்துக்கு இரண்டு நாள் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேலே வரும், ஒன்று ஏப்ரலில், ஒன்று ஆகஸ்டு கடைசியில். இன்றைக்குத்தான் அது. என் கணக்கில் நேரம் பன்னிரண்டு இருபத்தாறு. இதைப் பேச்சியம்மாளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

காலை எட்டு மணிப் படகில் கனகம் கிளம்பிப் போனதை நானே பார்த்தேன். பன்னிரண்டு ஐந்துக்கு ஆறு பெண்களும் கொட்டகையில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வறீது கிடங்கு வாசலில் நின்றார். நான் தூணுக்குப் பக்கத்தில், கையில் ஈரத் துண்டு. பன்னிரண்டு பத்தானது. உருண்டைக்குக் கீழே அட்டை மெல்லப் புகைந்தது, கோடு நகர்ந்தது. ஐந்து மாதமாகக் காணாமல் போயிருந்த வெயில் என் கண்ணெதிரே எழுதிக்கொண்டிருந்தது.

நேரம் ஆக ஆக நிழல்கள் பொருள்களின் காலடிக்குள் போயின. தூணின் நிழல் தூணுக்குள் போனது. களத்தில் கிடந்த வாளிக்கு நிழல் இல்லாமல், அது தரையிலிருந்து ஒரு விரற்கடை மேலே நிற்பதுபோல் தெரிந்தது. என் நிழல் என் செருப்புக்கு அடியில் போய்விட்டது. இதெல்லாம் ஏன் என்று எனக்குத் தெரியும், பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனாலும் துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தெருச் சத்தம் முழுக்க நின்றுபோனது. அது மதியத் தொழுகை நேரம், கடைகளை அடைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பன்னிரண்டு இருபத்தாறுக்கு உருண்டைக்குள் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். கொட்டகை தலைகீழாகத் தெரிந்தது. சின்னச் சின்னதாகப் பெண்கள், சுவரைப் பார்த்தபடி. எண்ணினேன். ஏழு.

திரும்பிக் கொட்டகையை நேராகப் பார்த்தேன். ஆறு. வாய்விட்டு எண்ணினேன், ஆறு. மறுபடி உருண்டைக்குள் ஏழு. ஆறு பேர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஏழாவது நின்றுகொண்டிருந்தாள். அவள் மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தாள். ஒரு கை வயிற்றைத் தாங்கியிருந்தது.

கெட்டிக் கண்ணாடியின் ஓரத்தில் சில சமயம் ஒரே உருவம் இரண்டாகத் தெரியும். அதுவும் எனக்குத் தெரியும். அந்த ஆறு பேரில் வயிற்றைத் தாங்கிப் பிடிக்க வேண்டியவள் யாரும் இல்லை என்பதும் தெரியும். துண்டை உருண்டை வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். மூடினால் கோடு அறும், அறிக்கை கெடும், உலர்த்தி கும்பளங்கிக்குப் போகும், புகையறை இப்படியே இருக்கும். நான் மூடவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன், அவ்வளவுதான். பன்னிரண்டே முக்கால் வரைக்கும் துண்டிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஏதாச்சும் பாத்தீங்களா சார்?” என்று பேச்சியம்மாள் கேட்டாள்.

“ஒண்ணுமில்ல அக்கா. எண்ணிக்கை சரியா இருந்தது” என்றேன்.

அட்டையில் கோடு காலையிலிருந்து மாலை வரை ஓரிடத்திலும் அறாமல் ஓடியிருந்தது. என் வேலையில் அதைவிட அழகான அட்டையை நான் பார்த்ததில்லை. அதைப் பையில் வைத்துக்கொண்டு படகுத்துறையில் நின்றபோது, எதிர்ப்படகில் கனகம் வந்து இறங்கினாள். முகம் வெளிறியிருந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல சார். சித்தி வீட்டுல மத்தியானம் கண்ணசந்துட்டேன். களத்துல நிக்கிற மாதிரி ஒரு சொப்பனம். ஒரே சூடு. ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பாக்கல” என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. போய்ப் படுத்துக்கொள்ளச் சொன்னேன்.

அறிக்கை கொடுத்தேன். பொய் ஒன்றும் எழுதவில்லை. நிழல் இல்லை, மதிய இடைவெளிக்குக் காரணம் பணியாளர்கள் கருவியை மூடியது, இனி மூட மாட்டார்கள். மட்டாஞ்சேரிக்கே உலர்த்தி கிடைத்தது. கோப்பு நகர்ந்து, தகரமும் கண்ணாடியும் வந்து சேர ஜனவரி ஆகிவிட்டது. அமைக்க நானும் போயிருந்தேன். கறுப்பு வண்ணம் அடித்த தகரப் பெட்டி, கண்ணாடிக் கூரை, நீளமான குழாய். முதல் நாளே சுக்கு முறுமுறுவென்று காய்ந்தது. வறீது புகையறையைப் பூட்டிச் சாவியை என்னிடம் காட்டினார்.

கனகத்தைக் காணோம். குழந்தையைப் பற்றிப் பேச்சியம்மாளிடம் கேட்டேன்.

“தங்கல” என்றாள். கொஞ்ச நேரம் சுக்கைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். “அக்டோபர்லயே வலி வந்துருச்சு. எடையே இல்ல. எத்தனை நாளா இவ புகையில நிக்கிறான்னு டாக்டரம்மா கேட்டாங்க. தம்பி, நான் துண்டு போடாம இருந்திருந்தா இந்தப் பெட்டி முன்னாடியே வந்திருக்குமா?”

அதுவரை என்னை சார் என்றுதான் கூப்பிட்டிருந்தாள். தெரியவில்லை அக்கா என்றேன். தெரியும். மார்ச்சிலிருந்து கோடு அறாமல் ஓடியிருந்தால் ஏப்ரலிலேயே கையெழுத்தாகி, ஆகஸ்டுக்குள் பெட்டி வந்திருக்கும். கனகம் கடைசி மாதங்களில் புகைக்குள் நின்றிருக்க மாட்டாள். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் கேட்டாள். உருண்டைக்குள் நான் பார்த்ததைச் சொல்லியிருந்தால் அவள் பாரத்தில் பாதி என் தோளுக்கு வந்திருக்கும். எனக்குத் தைரியம் இல்லை. மறுநாள் ஐந்தரை மணி வண்டிக்கு ஊர் திரும்பிவிட்டேன்.

இனி கேட்ட கேள்விக்குப் பதில். மட்டாஞ்சேரியில் வெயிலுக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை குறையே இல்லை. ஜூன், ஜூலையில் நம்ப வேண்டாம், துணி காயாது. ஆகஸ்டில் நாலு நாள் மழை அடித்தால் ஒரு நாள் கண்ணைக் கூசவைக்கும். அக்டோபர், நவம்பரில் காலையில் வெயில், சாயங்காலம் இடி. அந்தப் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் மாடியில் சோலார் தகடு போடுவதானால், தெற்கை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். மே, ஜூனில் நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கும், அங்கே தென்னை இருந்தால் மறைக்கும். நான் எழுதிய கட்டணங்கள் எல்லாம் அந்தக் காலத்தவை, இப்போதையதைப் படகுத்துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டு கடைசி வாரம் நிழல் விழாத அந்த நேரத்தைப் பார்க்க வேண்டும் என்றால் பன்னிரண்டு இருபதுக்கே திறந்த இடத்துக்குப் போய்விடுங்கள், மொத்தம் சில நிமிடங்கள்தான். தொப்பி, தண்ணீர் அவசியம். குழந்தைகளுக்கு நன்றாகப் பிடிக்கும். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் நிழலில் இருக்கட்டும். இதை நான் மருத்துவ ஆலோசனையாகச் சொல்லவில்லை.

புகைதான் காரணம் என்று டாக்டரம்மா சொன்னதைத்தான் நானும் நம்புகிறேன். என் படிப்பும் வேலையும் அதைத்தான் சொல்கின்றன. பேச்சியம்மாள் போட்ட துண்டுதான் குழந்தையைப் புகையில் நிறுத்தியது. எத்தனையோ வருடமாக இந்தக் கணக்கை நான் சரியாகத்தான் போட்டு வருகிறேன். ஆனால் ஒவ்வொரு ஆகஸ்டிலும் அந்த நாள் வரும்போது, இன்னொரு துண்டு நினைவுக்கு வந்துவிடுகிறது. நனைத்து, மூடச் சொல்லி நம்பிக் கொடுத்த துண்டு. அது என் கையில்தான் இருந்தது.